படத்தகடு ஓடவில்லையா? பதறாமல் பாருங்கள்!



உங்கள் இல்லத்து அலமாரியின் மேல்தட்டைச் சற்றுத் திறந்து பாருங்கள். பழைய புகைப்படத் தொகுப்புகளுக்கும் பெருநாள் வாழ்த்து அட்டைகளுக்கும் இடையே நான்கைந்து குறுந்தகடுகள் உறைக்குள் கிடக்கக்கூடும். ஒன்றில் மூத்த மகளின் நிக்காஹ்; மற்றொன்றில் தம்பியின் வலீமா விருந்து; இன்னொன்றில் மதரஸா ஆண்டு விழாவில் கிராஅத் ஓதிய சின்னஞ்சிறுவன். அச்சிறுவன் இன்று தானே ஒரு தகப்பனாகியிருப்பான். அந்த விருந்தில் முன்வரிசையில் அமர்ந்து துஆச் செய்த பெரியவர்களில் பலர் இன்று மர்ஹூம்களாகிவிட்டனர். அவர்களுடைய குரல் எஞ்சியிருப்பது அந்தத் தகட்டில் மட்டுமே என்னும் நிலை பல குடும்பங்களில் உண்டு.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மகன், "அந்தக் கல்யாணப் படத்தைப் போடுங்கள், பார்ப்போம்" என்கிறான். தொலைக்காட்சியோடு இணைந்திருந்த பழைய பிளேயர் எப்போதோ பழுதாகிப் போயிற்று. மடிக்கணினியில் தகட்டை இடுகின்றீர்கள். சிறிது நேரம் சுழலும் ஓசை கேட்கிறது, பின்னர் அமைதி. படம் வரவில்லை. "தகடு கெட்டுவிட்டது" என்று தீர்ப்பளித்து அதனைக் குப்பையில் இட்டுவிடுவோர் எத்தனையோ பேர்!

அவசரப்படாதீர்கள். படம் ஓடாமைக்குத் தகடே காரணம் என்று எண்ணிவிடலாகாது. தகடு, அதனைப் படிக்கும் டிரைவ், படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் மென்பொருள், விற்பனைத் தகடுகளுக்கென வகுக்கப்பட்ட மண்டலப் பூட்டு ஆகிய நான்கில் எதில் வேண்டுமானாலும் தடை இருக்கலாம். நான்கினையும் வரிசையாகச் சோதித்தால், கெட்டுவிட்டதாக எண்ணிய தகடு உயிர்பெற்று ஓடுவதைப் பல வேளைகளில் காணலாம். அவ்வாறு ஓடியதும் செய்ய வேண்டிய ஒரு கடமையும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

தகட்டின் உள்ளே இருப்பது என்ன?

நம் வீடுகளில் உள்ள படத்தகடுகள் பெரும்பாலும் மூவகையின. முதலாவது, 1993-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வி.சி.டி. இதில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும். மூன்று மணி நேரத் திருமணப் படம் மூன்று தகடுகளாக வந்ததன் காரணம் இதுவே. இரண்டாவது, 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி. இதன் ஓரடுக்குத் தகட்டில் 4.7 ஜி.பி.யும், ஈரடுக்குத் தகட்டில் 8.5 ஜி.பி.யும் கொள்ளும். மூன்றாவது, 2006-இல் சந்தைக்கு வந்த புளூரே. அதன் ஓரடுக்கின் கொள்ளளவு 25 ஜி.பி.

மூன்றும் 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டங்களே. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. ஆயினும் உள்ளே பதிந்துள்ள சுருள்பாதையின் நெருக்கம் வெவ்வேறானது. வி.சி.டி.யில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். டி.வி.டி.யில் அது 0.74, புளூரேயில் 0.32. மனிதத் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் எனக் கொண்டால், ஒரு முடியின் அகலத்துக்குள் டி.வி.டி.யின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கிவிடுகின்றன. இத்துணை நுண்ணிய பாதையை லேசர் ஒளி தொட்டுப் படிக்கிறது. வி.சி.டி.க்கு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியும், டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியும், புளூரேக்கு 405 நானோமீட்டர் நீலஊதா ஒளியும் வேண்டும். ஆதலால் டி.வி.டி. டிரைவில் புளூரே தகட்டை இட்டால் அது ஓடாது. அது பழுதன்று, பொருத்தமின்மையே. உறையில் அச்சிட்டுள்ள அடையாளத்தை முதலில் பாருங்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் அறிந்துகொள்வது நலம். கடையில் வாங்கிய திரைப்படத் தகடு தொழிற்சாலையில் அச்சுக்கொண்டு அழுத்திச் செய்யப்பட்டது. அதன் அடிப்புறம் வெள்ளிபோல் மின்னும். திருமணப் படம் எடுத்தவர் தந்த தகடோ, கணினியில் லேசரால் எழுதப்பட்டது. அடிப்புறத்தில் நீலம், பச்சை அல்லது ஊதாச் சாயல் காணப்படும். அச்சாயல் ஓர் இரசாயனச் சாயத்தின் நிறம். வெயிலும் வெப்பமும் பட்டால் அச்சாயம் நாளடைவில் மங்கும். கடையில் வாங்கிய கார்ட்டூன் படம் நன்றாக ஓடுகையில், அதே வயதுள்ள நிக்காஹ் தகடு ஓடாதிருப்பதற்கு இதுவே பெருங்காரணம்.

முதற்படி: தகட்டைப் பாருங்கள்

தகட்டின் விளிம்பையும் நடுத்துளையையும் மட்டும் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல்ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி ஆகியன இருந்தால், இளஞ்சூடான நீரில் ஒரு துளி மென்மையான சோப்பைக் கலந்து கழுவி, நூல் உதிராத மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். துடைக்க நேர்ந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். தட்டுக் கழுவுவதுபோல் வட்டமாகத் துடைத்தல் கூடாது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? தகட்டில் எழுதப்பட்ட செய்தி, சிறு பகுதி அழிந்தாலும் மீதியைக்கொண்டு கணக்கிட்டு மீட்கத்தக்க வகையில் பரப்பிப் பதியப்பட்டுள்ளது. குறுக்காக விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு பகுதியையே கெடுக்கிறது. அதனை டிரைவ் சரிசெய்துகொள்ளும். பாதையோடு ஒட்டி வட்டமாக விழும் கீறலோ தொடர்ச்சியாக ஒரு பெரும் பகுதியை அழித்துவிடுகிறது. அதனை மீட்பது அரிது.

கீறல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதும் முக்கியம். வி.சி.டி.யில் செய்தி பதிந்த படலம், எழுத்து அச்சிட்ட மேற்புறத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சின் கீழ் உள்ளது. ஆகவே அடிப்புறக் கீறலைவிட மேற்புறக் கீறலே கொடியது. பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதுவதும், ஒட்டிய காகிதத்தை உரித்தெடுப்பதும் படலத்தையே பெயர்த்துவிடக்கூடும். வெளிச்சத்தில் பிடிக்கும்போது ஊசித்துளைகளாக ஒளி ஊடுருவித் தெரிந்தால், அவ்விடத்தில் படலம் போய்விட்டது என்று பொருள். டி.வி.டி.யில் படலம் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக உள்ளது; ஆயினும் உறையிலிருந்து வளைத்து எடுத்தால் ஒட்டு விடும். உறையின் நடுவிலுள்ள பற்களை விரலால் அழுத்தினால் தகடு தானே விடுபடும்.

கையடக்க வீடியோ கேமராக்கள் சிலவற்றில் 8 சென்டிமீட்டர் அளவுள்ள சிறு தகடுகளில் படம் பதிவாயிற்று. இவற்றை, தட்டு வெளியே நீளும் டிரைவின் உட்பள்ளத்தில் மட்டுமே வைக்க வேண்டும். தகட்டை வாய்போல் உள்ளிழுக்கும் டிரைவில் இட்டால் சிக்கிக்கொள்ளும்.

இத்தகைய தகடுகளில் வேறொரு சிக்கலும் உண்டு. பதிவு முடிந்தபின் கேமராவிலேயே முடிவு முத்திரையிடும் செயலைச் செய்திருக்க வேண்டும். அதனைச் செய்யாது விட்டிருந்தால், கணினி அத்தகட்டை 'வெற்றுத் தகடு' என்றே காட்டக்கூடும். அப்போது, "இதனை எழுதுவதற்குத் தயார் செய்யலாமா?" என்று விண்டோஸ் கேட்கும். ஒருபோதும் இசைவு தராதீர்கள்! தகட்டை வெளியே எடுத்து, பதிவுசெய்த அதே கேமரா கிடைத்தால் அதில் இட்டு முடிவு முத்திரையிடுங்கள்.

இரண்டாம்படி: டிரைவைச் சோதியுங்கள்

தகடு தூய்மையாக இருந்தும் ஓடவில்லையெனில், அதே வகையைச் சேர்ந்த மற்றொரு தகட்டை இட்டுப் பாருங்கள். அது ஓடினால் முதல் தகட்டில் குறை. எதுவுமே ஓடவில்லையெனில் டிரைவில் குறை. இந்த எளிய சோதனையைச் செய்யாமலே பழுதுபார்ப்பவரிடம் ஓடுவது வீண்செலவு.

இச்சோதனையை இன்னும் நுணுக்கமாகவும் செய்யலாம். வி.சி.டி. ஓடுகிறது, டி.வி.டி. ஓடவில்லை, அல்லது இதற்கு நேர்மாறு. அப்படியானால் இரண்டு வகை ஒளியுள் ஒன்று வலுவிழந்திருக்கக்கூடும். கடைத் தகடுகள் ஓடுகின்றன, வீட்டில் எழுதிய தகடுகள் மட்டும் ஓடவில்லை எனில், லேசர் தளர்ந்திருக்கலாம். அல்லது தகட்டின் சாயம் மங்கியிருக்கலாம். எழுதப்பட்ட தகடுகளில் பெரும்பாலானவை ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால், தளர்ந்த லேசருக்கு அவற்றைப் படிப்பது கடினம். ஒரு டிரைவ் கைவிட்ட தகட்டை மற்றொரு டிரைவ் படித்துவிடுவது வழக்கமாக நிகழக்கூடியதே. எனவே அண்டை வீட்டிலோ உறவினர் இல்லத்திலோ உள்ள வேறொரு கணினியில் இட்டுப் பார்க்காமல் தகட்டைக் கைவிடாதீர்கள்.

மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் தகட்டைத் தட்டின்மேல் வைத்துவிட்டால் மட்டும் போதாது. ஒரு கையால் தட்டின் அடியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் நடுத்துளையைச் சுற்றி மெல்ல அழுத்தி, 'டிக்' என்னும் ஓசையுடன் தகடு பொருந்தச் செய்ய வேண்டும். பொருந்தாத தகடு உள்ளே உரசிச் சுழன்று கீறல் பெறும்.

இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் டிரைவே இல்லை. தனியே வாங்கி யு.எஸ்.பி. வாயிலாக இணைக்கிறோம். இங்கு நேரும் பெரும்பாலான தொல்லைகளுக்கு மின்சாரப் பற்றாக்குறையே காரணம். யு.எஸ்.பி. 2.0 வாயில் 500 மில்லிஆம்பியர் அளவே மின்சாரம் தரும், யு.எஸ்.பி. 3.0 வாயில் 900 வரை தரும். தகடு சுழலத் தொடங்கும் நொடியில் டிரைவுக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். 'டிக், டிக்' என்று ஓசை எழுப்பிவிட்டு டிரைவ் கணினியின் பட்டியலிலிருந்து மறைந்தும் தோன்றியும் விளையாட்டுக் காட்டினால், இதனையே முதலில் ஐயுறுங்கள். பல கருவிகளைச் சேர்த்து மாட்டும் கிளைப்பெட்டியைத் தவிர்த்து, கணினியிலேயே நேராக மாட்டுங்கள். வேறு வாயிலை மாற்றிப் பாருங்கள். மடிக்கணினியை மின்சாரத்தில் இணைத்துக்கொள்ளுங்கள். இரட்டைத் தலையுள்ள வடம் உடன் வந்திருந்தால் இரண்டு தலைகளையும் மாட்டுங்கள்.

டிரைவ் கணினியின் பட்டியலில் தோன்றவே இல்லையெனில், விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே டிரைவின் பெயருக்கருகில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால், அப்பெயரை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்குங்கள். விண்டோஸ் அதனைப் புதிதாக அடையாளம் கண்டுகொள்ளும். அப்போதும் '19' என்னும் பிழை எண் தோன்றினால், தகடு எழுதும் பழைய மென்பொருள் ஒன்று விட்டுச்சென்ற மிச்சம் தடையாக இருக்கக்கூடும். அதனை நீக்கும் வேலையை, கணினி நன்கு கற்றவர் ஒருவரைக்கொண்டு செய்துகொள்வதே முறை.

தட்டு வெளியே நீளும் மெல்லிய டிரைவில் கண்ணாடிமணி போன்ற லென்சு வெளியே தெரியும். கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்தபின், இரப்பர்க் குமிழால் காற்றை ஊதித் தூசியை அகற்றலாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். லென்சு மெல்லிய கம்பியில் தொங்குவதால் அழுத்தித் துடைத்தல் ஆகாது. தட்டு திறவாமல் தகடு உள்ளே அகப்பட்டுக்கொண்டால், முகப்பிலுள்ள ஊசித்துளையில் காகிதக் கிளிப்பின் நிமிர்த்திய முனையை நேராகச் செலுத்தினால் தட்டு விடுபடும். அப்போதும் கணினி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம்படி: மென்பொருள்

தகட்டிலுள்ள கோப்புகள் கணினியில் தெரிகின்றன. ஆயினும் படம் ஓடவில்லை. இந்நிலை மிகப் பரவலானது. இதற்குத் தகடும் பொறுப்பன்று, டிரைவும் பொறுப்பன்று.

டி.வி.டி.யின் படமும் ஒலியும் சுருக்கி எழுதப்பட்டவை. அவற்றை விரித்துத் தர ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸ் 7-இன் ஹோம் பிரீமியம் முதலிய பதிப்புகளில் அது உடன் இருந்தது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8-இலிருந்து, உரிமக் கட்டணத்தை முன்னிட்டு அதனை எடுத்துவிட்டனர். 2015-இல் வந்த விண்டோஸ் 10-இலும் அது இயல்பாகச் சேர்க்கப்படவில்லை. ஆகையால் பழைய மடிக்கணினியில் ஓடிய தகடு புதியதில் ஓடாதிருப்பதில் வியப்பில்லை.

இதற்கு எளிய பரிகாரம் 'வி.எல்.சி.' என்னும் இலவச மென்பொருள். 1996-இல் பாரிஸ் மாநகரின் எக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய முயற்சி இது. 2001 முதல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளாக வழங்கி வருகிறது. இதனை வழங்கும் 'வீடியோலேன்' அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். அதே பெயரைச் சூட்டிக்கொண்டு தீய நிரல்களைப் புகுத்தும் போலிகளும் உண்டு.

வி.எல்.சி.யில் 'மீடியா' என்னும் பட்டியலைத் திறந்து, 'ஓப்பன் டிஸ்க்' என்பதைத் தெரிவுசெய்து, டி.வி.டி.யா வி.சி.டி.யா என்பதைக் குறித்து ஓடவிடுங்கள். முகப்புப் பட்டியலிலேயே படம் உறைந்து நின்றால், 'நோ டிஸ்க் மெனுஸ்' என்னும் கட்டத்தில் குறியிடுங்கள். பட்டியலைத் தாண்டி நேரே படம் தொடங்கும். வி.சி.டி. அப்போதும் ஓடவில்லையெனில், தகட்டினுள் 'எம்பெக்ஏவி' என்னும் கோப்புறையைத் திறந்து, 'டி.ஏ.டி.' என முடியும் பெரிய கோப்பை வி.எல்.சி.யில் இழுத்து விடுங்கள்.

படம் விட்டுவிட்டு ஓடினால் ஒரு சோதனை செய்யுங்கள். நிக்காஹ் போன்ற சொந்த டி.வி.டி.யிலுள்ள 'வீடியோ டி.எஸ்.' கோப்புறை முழுவதையும் கணினியின் வன்தட்டுக்கு நகலெடுத்து, அங்கிருந்து ஓட்டிப் பாருங்கள். தடையின்றி ஓடினால் தகட்டைப் படிக்கும் வேகத்தில்தான் குறை. அதே இடத்தில் மீண்டும் தடுமாறினால் பதிவிலேயே சேதம். எல்லா இடத்திலும் தடுமாறினால் கணினிக்குச் சுமை மிகுதி. பின்னணியில் ஓடும் மற்ற வேலைகளை நிறுத்துங்கள். ஈரடுக்குத் தகட்டில் படத்தின் நடுவே ஒரே ஒருமுறை கணநேரம் படம் நின்று செல்லுமானால், அது ஓரடுக்கிலிருந்து மற்ற அடுக்குக்கு லேசர் மாறும் இடம்; குறையன்று.

படம் தெரிந்து ஒலி கேட்கவில்லையெனில், 'ஆடியோ டிராக்' பட்டியலில் வேறொன்றைத் தெரிவுசெய்யுங்கள். அசையும் உருவங்களின் ஓரங்களில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரிந்தால், 'டீஇன்டர்லேஸ்' என்பதை இயக்குங்கள். நம் நாட்டு வீடியோ கேமராக்கள் நொடிக்கு 50 அரைச்சட்டங்களாகப் பதிந்த படத்தை, கணினித்திரை இரண்டிரண்டாகச் சேர்த்துக் காட்டுவதால் விளையும் தோற்றம் அது. முகங்கள் பக்கவாட்டில் பருத்துத் தெரிந்தால், திரை விகிதத்தைப் பழைய தொலைக்காட்சிக்குரிய 4:3 என மாற்றுங்கள்.

நான்காம்படி: மண்டலப் பூட்டு

துபையிலோ ஜித்தாவிலோ வாங்கி வந்த அசல் படத்தகடு இங்கே ஓடவில்லை என்னும் முறையீடு, சபுராளிகள் உள்ள வீடுகளில் பழகிப்போன ஒன்று. திரைப்பட நிறுவனங்கள், டி.வி.டி. விற்பனைக்காக உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்தன. மத்தியக் கிழக்கு நாடுகள் ஐரோப்பாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து 2-ஆம் மண்டலம். சிங்கப்பூரும் மலேசியாவும் 3-ஆம் மண்டலம். இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம். உறையின் பின்புறத்தில் உலக உருண்டைப் படத்தினுள் இவ்வெண் அச்சிடப்பட்டிருக்கும். மண்டலத் தடையற்ற தகடுகளும் உண்டு. அவை எங்கும் ஓடும்.

கணினி டிரைவின் மண்டலத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் டிரைவின் பெயரைத் திறந்தால் 'டி.வி.டி. ரீஜன்' என்னும் பக்கம் தெரியும். ஆனால் கவனிக்கவும்! ஐந்து முறை மட்டுமே மாற்ற இயலும். அதன்பின் கடைசியாக வைத்த மண்டலத்திலேயே டிரைவ் நிலைத்துவிடும். இக்கணக்கு டிரைவின் உள்ளேயே பதிவாவதால், விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினாலும் பயனில்லை. ஒரே ஒரு கார்ட்டூன் படத்துக்காக ஒரு வாய்ப்பை வீணாக்குவதா என்பதை முன்னரே எண்ணிப் பாருங்கள்.

புளூரே தகடுகளுக்கு வேறு பிரிவு: வளைகுடா 'பி', இந்தியா 'சி', சிங்கப்பூர், மலேசியா 'ஏ'. மேலும், விற்பனைக்கு வரும் புளூரே படங்களின் பூட்டு கடுமையானதாகையால், அவற்றுக்கென உரிமம் பெற்ற கட்டண மென்பொருள் வேண்டியிருக்கும். நம் வீட்டு நிகழ்ச்சித் தகடுகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

செய்யத் தகாதவை

பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று சொல்வோர் உளர். பற்பசை ஓர் அராவும் பொருள். மேற்பரப்பைத் தேய்த்துச் சில வேளை பயன் தரினும், புதிய கீறல்களை உண்டாக்கும் ஆபத்தும் உண்டு. வேறு பிரதி இல்லாத தகட்டில் அதனைச் சோதித்துப் பார்க்காதீர்கள். நகப்பூச்சு நீக்கும் திரவமும் தின்னரும் தகட்டின் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். விரிசல் கண்ட தகட்டைச் சுழலவிட்டால் அது உள்ளேயே சிதறி டிரைவையும் பாழாக்கும்.

ஓடியதும் செய்ய வேண்டிய கடமை

தகடு ஓடத் தொடங்கிவிட்டது. வீட்டார் அனைவரையும் அழைத்து உடனே பார்க்கத் தோன்றும். சற்றுப் பொறுங்கள்! இன்று ஓடிய தகடு நாளை ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சாயம் மங்கிக்கொண்டே இருக்கிறது. முதலில் நகல்; பிறகே காட்சி.

டி.வி.டி.யாயின் 'வீடியோ டி.எஸ்.' கோப்புறையை முழுமையாக வன்தட்டுக்கு மாற்றுங்கள். நடுவில் பிழை காட்டி நின்றால், லினக்ஸில் இயங்கும் 'ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள் கைகொடுக்கும். அது முதலில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகே கெட்ட பகுதிகளை மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும். வி.சி.டி.யின் நிலை வேறு. அதிகப் படத்தை அடக்குவதற்காக, மற்றக் கணினித் தகடுகளில் உள்ள கூடுதல் பிழைதிருத்தப் பாதுகாப்பு அதன் படப்பகுதியில் விடப்பட்டுள்ளது. ஆகவே நகலெடுக்கும்போது விண்டோஸ் மறுத்துவிடலாம். அப்போது வி.எல்.சி.யின் 'கன்வெர்ட்' வசதிகொண்டு, ஓடும் படத்தைக் கோப்பாகச் சேமியுங்கள். சிற்சில இடங்களில் கட்டங்கட்டமாகத் தெரிந்தாலும் மீதியெல்லாம் நிலைக்குமே!

நகலை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டு வன்தட்டு ஒன்றில் ஒரு பிரதி. மற்றொரு வன்தட்டில் இன்னொரு பிரதி. மூன்றாவது, மகள் வாழும் ஊரிலோ சகோதரர் இல்லத்திலோ. எடுத்த நகலின் தொடக்கம், நடு, முடிவு ஆகியவற்றை ஓட்டிச் சரிபாருங்கள். 'படம் 1' என்று பெயரிடாமல், ஆண்டு, மணமக்கள் பெயர், ஊர் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். பழைய தகட்டையும் எறிந்துவிடாமல் வெயில் படாத குளிர்ந்த இடத்தில், உறைக்குள் நிமிர்த்தி வையுங்கள்.

"இத்தனை தொல்லை எதற்கு? கடையில் கொடுத்தால் நகலெடுத்துத் தருவார்களே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அத்தகட்டில் இருப்பது என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். மணமகளை அலங்கரித்த அறையும், பெண்கள் மட்டும் கூடிய பகுதியும் அதில் இருக்கின்றன. அறிமுகமில்லாத ஒருவரின் கணினியில் அது ஒருமுறை ஏறிவிட்டால், அங்கிருந்து அழிந்ததா இல்லையா என்பதை நாம் அறியோம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கணினியை நாளை யார் கையாள்வார் என்பதற்கு அவரும் பொறுப்பேற்க இயலாது. நம் வீட்டுப் பெண்களின் கண்ணியம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கல்லூரியில் பயிலும் மகளோ மருமகளோ இவ்வேலையை வீட்டிலேயே ஒரு பிற்பகலில் முடித்துவிடுவாள். எடுத்த நகலைக் குடும்பத்தார்தானே என்று கைப்பேசிக் குழுக்களில் பரப்பிவிடாமல் இருப்பதும் இதே அமானிதத்தில் அடங்கும். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் இக்கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

விற்பனைத் திரைப்படங்களின் செய்தி வேறு. அவை பிறர் உடைமை. அவற்றின் உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பது, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். ஓடாத கடைத் தகட்டை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். நம் பாட்டனாரின் குரலைக் கடையில் வாங்க இயலாது.

எனவே வரும் வெள்ளிக்கிழமை மாலையோ, பெருநாள் விடுமுறையிலோ, வீட்டிலுள்ள தகடுகளையெல்லாம் ஒன்றுசேருங்கள். நீலச்சாயல் கொண்டவற்றை முதலில் எடுங்கள். அவற்றுக்கே காலம் குறைவு. தகடு, டிரைவ், மென்பொருள் என்று வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொன்றாக நகலெடுங்கள். நகலெடுத்து முடித்தபின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, "இவர்தாம் உன் பாட்டனார், இவர் உன் உம்மம்மாவின் சகோதரி" என்று சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள். அவர்களை நேரில் கண்டறியாத பிள்ளைகள், இன்ஷா அல்லாஹ், அவர்களின் முகத்தையும் குரலையும் அறிந்துகொள்வார்கள்.